பாயை விட்டு ஓடிய சோழி

காஜா பெராங் தெரு வீட்டைக் காலி செய்கிற அவசரத்தில் அந்த பிஸ்கட் டின்னைத் திறந்தது கமலவேணி செய்த தப்பு. உள்ளே பதினோரு கையெழுத்துப் பத்திரிகைகள் இருந்தன. அதற்குப் பிறகு பெட்டி கட்டும் வேலை எங்கே நடக்கும்? ஞாயிற்றுக்கிழமை கணவனோடு சிங்கப்பூருக்குக் குடிபோகிறவள், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில் அவளுக்குப் பதினேழு வயது. தெருப் பெண்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு விளையாட்டு ஆடினார்கள். ஆளுக்கொரு வேடம், ஒருத்தி வைத்தியர், ஒருத்தி ஒற்றன், விஜயா கப்பல் தலைவன். கதை சொல்வது கமலவேணி. புயலோ கொள்ளைக்காரனோ வந்தால், பிழைப்பதா சாவதா என்று சோழி உருட்டித் தீர்மானிப்பார்கள்; கவிழ்ந்த சோழி அதிகமென்றால் சாவு. நடந்ததையெல்லாம் மாதாமாதம் பத்திரிகையாக எழுதுவாள். ஒரே பிரதிதான், வீடு வீடாகப் போய் மீன்குழம்புக் கறையோடு திரும்பி வரும். கலர் பென்சிலில் போட்ட தீவுப் படங்கள் இன்னும் பளிச்சென்றிருந்தன. ஒரு பக்கத்தில், 'வாசகர் கேள்வி: ஒற்றன் எப்போதுதான் குளிப்பான்?' என்றிருந்தது. தனியாகச் சிரித்தாள். அந்த நாட்கள் இனி வராது.

பதினோராம் இதழோடு ஆட்டம் நின்றது. கப்பல் தலைவனுக்காக உருட்டிய சோழிகளில் ஒன்று பாயை விட்டு ஓடி, அலமாரிக்கடியில் கவிழ்ந்து கிடந்தது. செல்லாது என்றாள் விஜயா. செல்லும் என்று சாதித்து, தலைவனைக் கடலில் மூழ்கடித்தாள் கமலவேணி. ஆசிரியர் என்ற மிதப்பு, வேறென்ன. அன்று எழுந்து போன விஜயா பிறகு பேசவே இல்லை. தன் கல்யாணத்துக்குக்கூட இவளை அழைக்கவில்லை.

இரண்டாம் இதழைப் புரட்டியபோது ஒரு வரி கண்ணில் பட்டது. 'விதி நான்கு: பாயை விட்டு ஓடிய சோழி செல்லாது. திரும்ப உருட்ட வேண்டும்.' கமலவேணியின் கையெழுத்தேதான். சிவப்பு மையில் அடிக்கோடு வேறு.

இதைச் சொல்லாமல் ஊரைவிட்டுப் போனால் அவளுக்குச் சோறு இறங்காது. இதழை எடுத்துக்கொண்டு, விஜயா வாழ்க்கைப்பட்டிருந்த கிளேபாங்குக்கு பஸ் ஏறினாள். வழியெல்லாம் நாட்டின் முதல் சுதந்திர நாளுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

விஜயா தையல் மிஷினில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் புதுக் கொடி தைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"பசியாறிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆச்சு. நாளன்னிக்கு சிங்கப்பூர் போறேன் விஜயா. ஒண்ணு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். அந்தச் சோழி செல்லாது. விதி எழுதினதும் நான்தான், மறந்ததும் நான்தான். உன் தலைவன் சாகல."

விஜயா இதழை வாங்கி, அந்த வரியை விரலால் தடவிப் படித்தாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்டி. நீயா எடுத்துப் பார்ப்பேன்னு இருந்தேன்" என்றாள். பிறகு, "சரி, சாகலன்னா இந்த ஒம்போது வருஷம் அவன் எங்க இருந்தான்? கதை சொல்றவ நீதானே, சொல்லு" என்று கேட்டாள்.

கமலவேணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு தீவுல" என்றாள். "கரையிலேருந்து பார்த்தாலே தெரியிற தூரம்தான். இங்கேருந்து யாரும் படகு அனுப்பல."

"அவனும் குரல் கொடுக்கல" என்றாள் விஜயா. சொல்லும்போதே அவளுக்கும் கண் கலங்கிவிட்டது.