ஃபோல்டர் திறக்க நான்கு நிமிடம்

உலகத்தில் மெதுவான கம்ப்யூட்டர் என்று ஒன்று இதுவரை தயாரிக்கப்படவே இல்லை, அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆள்தான் மந்தம் என்பது தம்பியின் கோட்பாடு. கல்லூரியில் இரண்டு பாடம் பாக்கி இருந்தாலும் இந்தக் கோட்பாட்டில் மட்டும் அவனுக்குச் சந்தேகம் வந்ததில்லை. நண்பர்கள் அவனை டாக்டர் என்று கூப்பிட்டார்கள். அவன் கை வைத்த கம்ப்யூட்டர்களில் ஏறக்குறைய பாதி பிழைத்திருந்ததால் பட்டம் பொருத்தமானதுதான்.

அன்று மாலை நான்கு மணிக்கு அக்கா அவனைக் கூப்பிட்டபோது குரலில் ஒரு பதற்றமும் இல்லை. அதனால்தான் அவன் உடனே எழுந்து வந்தான்.

அக்கா கட்டட வரைபடம் போடுகிறவள். குழந்தை பிறந்தபின் நான்கு வருடமாக வீட்டில் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் கழிவறையும் கார் ஷெட்டும் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். நகரத் திட்ட அலுவலகத்தில் இப்போது ஒரே ஒரு இடம் காலி. விண்ணப்பம் ஐந்து மணிக்கு மூடிவிடும். எல்லாம் பூர்த்தி செய்தாகிவிட்டது. எட்டு வரைபடங்களை ஏற்றுவது மட்டும்தான் மிச்சம். ஆனால் அதற்காக ஃபோல்டரைத் திறந்தால், அது திறக்க நான்கு நிமிடம் ஆகிறது. மூன்று நிமிடம் சும்மா இருந்தால் அலுவலகத்தின் தளம் ஆளை வெளியே தள்ளிவிடுகிறது. அக்கா ஏற்கெனவே ஆறு தடவை வெளியே வந்திருந்தாள். அத்தானின் லேப்டாப்போ அத்தானோடு வெளியூரில் இருந்தது.

தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டு, விரல்களைச் சொடுக்கிக்கொண்டான். மேஜைமேல் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று கிடந்தது. கம்ப்யூட்டருக்கு எது நடந்தாலும் அக்கா அதில் எழுதுவாள்: தேதி, என்ன செய்தது, யார் செய்தது. மௌஸ் மாற்றியதுகூட உண்டு. தம்பி அதற்குத் தடுப்பூசி அட்டை என்று பெயர் வைத்திருந்தான். நண்பர்கள் வந்தால் அதை உரக்கப் படித்துக் காட்டி, அடுத்த ஊசி என்றைக்கு என்று அக்காவையே கேட்பான்.

"மொதல்ல அதைப் பாரேன்டா."

"அக்கா, டாக்டர் நாடி பிடிச்சுப் பார்ப்பான். நோயாளியோட டைரியை உட்கார்ந்து படிக்க மாட்டான்."

முதலில் குப்பைக் கோப்புகளை அழித்தான். ஃபோல்டரைத் திறந்தான். எவ்வளவு திறந்திருக்கிறது என்று காட்டும் பச்சைக் கோடு, கல்யாண மண்டபத்தில் கடைசிப் பந்திக்குக் காத்திருப்பவனைப் போல அசையாமல் நின்றது. படங்களின் சிறு உருவங்களைக் காட்டவேண்டாம் என்று ஆணையிட்டான். அதற்கும் அதே நான்கு நிமிடம். மணி நாலு இருபதானபோது, அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்றான். கம்ப்யூட்டர் அந்த நேரம் பார்த்துத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஆரம்பித்தது. தயவுசெய்து அணைக்காதீர்கள் என்று திரையில் பணிவாக எழுதிக் காட்டியது.

பதிமூன்று நிமிடம் போனது. அக்கா கட்டைவிரல் நகத்தைக் கடித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தாள். அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூப்பிடலாமா என்று கேட்டாள். தம்பி அவளைப் பார்த்த பார்வையில், கேட்டதை அவளே திரும்ப எடுத்துக்கொண்டாள்.

திரை மறுபடி வந்தது. ஃபோல்டரைத் திறந்தான். பச்சைக் கோடு நின்றது.

அக்கா நோட்டைப் பிரித்து அவன் கைகளுக்கும் கீபோர்டுக்கும் நடுவில் வைத்தாள்.

கடைசி வரி, பன்னிரண்டாம் தேதி: "இன்று முதல் எந்த ஃபோல்டரைத் திறந்தாலும் தாமதம். காரணம் தெரியவில்லை." யார் என்ற இடத்தில் வெறும் கோடு. அதற்கு மேல் வரி, இரண்டு மாதத்துக்கு முந்தையது: "பழைய கம்ப்யூட்டரின் டிஸ்க்கை இதிலிருந்தே பார்க்கும்படி இணைத்தது. தம்பி."

அவன் கண் உள்ளறைப் பக்கம் போனது.

பழைய கம்ப்யூட்டர் அங்கே துணி போர்த்தி இருந்தது; இந்த இணைப்புக்காக அதை அணைக்காமலே விட்டிருந்தார்கள். அக்காவின் படங்களையெல்லாம் புதியதுக்கு மாற்றியபின் அதை யாரும் தொடுவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் பதினோராம் தேதி, வீட்டில் ஆளில்லாத நேரத்தில், அதன் டிஸ்க்கையும் மெமரியையும் கழற்றி நண்பனின் விளையாட்டு மெஷினுக்குக் கொடுத்திருந்தான். வெளியே பார்த்தால் முழுசு, உள்ளே காலி. ஒவ்வொரு ஃபோல்டர் திறக்கும்போதும் புதியது பழையதைக் கூப்பிட்டு, அது பதில் சொல்லும் என்று நான்கு நிமிடம் மரியாதையாகக் காத்திருந்திருக்கிறது.

"என்னடா, ஏதாவது தெரியுதா?"

"ஒரு பழைய கனெக்‌ஷன் தொங்கிட்டு இருக்கு. எடுத்துடறேன்."

பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. இணைப்பைத் துண்டித்துவிட்டு ஃபோல்டரைத் தொட்டான். விரலை எடுப்பதற்குள் திறந்துகொண்டது. மணி நாலு முப்பத்தொன்பது.

அக்கா அவனைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். ஒன்று, இரண்டு என்று படங்கள் ஏறின. ஆறாவது பாதி வழியில் நின்றது. பிறகு அதுவாக நகர்ந்தது. எட்டாவது படம் ஏறி, விண்ணப்ப எண் திரையில் வந்தபோது ஐந்துக்கு மூன்று நிமிடம் இருந்தது. அக்கா எண்ணை இரண்டு தடவை சரிபார்த்து எழுதிக்கொண்டாள். அம்மாவிடமிருந்து குழந்தையை வாங்கி அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"நீ மட்டும் இல்லன்னா இன்னிக்குப் போயிருக்கும்டா" என்றாள், முகத்தை எடுக்காமலே.

தம்பி நாற்காலியைப் பழைய இடத்தில் கொண்டுபோய்ப் போட்டான். சாதாரணமாக இப்படி ஒரு வாக்கியம் கிடைத்தால் அதை வைத்து ஒரு மாதம் ஓட்டுகிறவன்.

அவர்கள் சமையலறைப் பக்கம் போனதும் நோட்டைத் தன் பக்கம் இழுத்தான். இன்றைய தேதியைப் போட்டு, "பழைய கம்ப்யூட்டரின் இணைப்பை நீக்கியது. தம்பி" என்று எழுதினான். பேனாவை மூடினான். திரும்பத் திறந்தான். பன்னிரண்டாம் தேதிக்கு மேலே வரி காலியில்லை. அதனால் ஓரத்தில், எழுத்தைக் குறுக்கிக் குறுக்கி எழுதினான்: "11: பழைய கம்ப்யூட்டரின் டிஸ்க், மெமரி இரண்டையும் கழற்றியது. நண்பனிடம் இருக்கிறது. தம்பி."

நோட்டை மூடவில்லை. அக்கா உட்காரும் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு எழுந்தான்.