மாதேஸ்வரனின் குதிகால்

ஆயுத பூஜையன்று ஓசூர் சிப்காட்டில் இரும்புத் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷெட்டுக்குள் மேடை போட்டிருந்தார்கள். சந்தனம் பூசி வாழைக்கன்று கட்டிய இயந்திரங்களுக்கு நடுவே மாதேஸ்வரன் பேஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டான். பிறகு வலது கால் செருப்பை மட்டும் கழற்றி ஓரமாக வைத்தான். அதைப் பார்த்து அசோக்குமாரின் முகம் தெளிந்தது.

"இரண்டாம் ஷிப்ட்" என்ற அவர்களுடைய ஃபங்க் குழு, எண்பதுகளில் இதே ஷெட்டில் இரண்டாம் ஷிப்ட் பார்த்தவர்கள் ஆரம்பித்தது. அசோக்குமார் பாட்டும் கிட்டாரும், கோவிந்தப்பன் டிரம்ஸ், கனத்த அடிநாதம் தரும் பேஸ் மாதேஸ்வரன். ஃபங்க் என்பது இடைவெளிகளால் ஆன இசை. நான்கு தட்டில் முதல் தட்டில் மூவரும் ஒன்றாக விழ வேண்டும். மற்ற மூன்றில் ஒருவன் விட்ட சந்தில் இன்னொருவன் நுழைவான். முதல் தட்டு கைவிட்டுப் போனால் பாட்டு நொண்டும்.

சாப்பாட்டு இடைவேளைகளில்தான் பயிற்சி. பக்கத்து பிரஸ்கள் போடும் சத்தத்தில் முதல் தட்டு எங்கே விழுகிறது என்று அசோக்குமாருக்குக் கேட்காது. அதனால் மாதேஸ்வரன் செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலால் தரையைக் குத்துவான். குதிகால் இறங்கும் கணம்தான் முதல் தட்டு. அமைதியான மேடைகளுக்கு வந்த பிறகும் அசோக்குமார் அந்தக் குதிகாலைப் பார்த்தே பாடினான். கோவிந்தப்பன் மட்டும் எப்போதும் காதை நம்புகிறவன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் வந்த கேசட்டில்தான் அது நடந்தது. ஸ்டுடியோவில் ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாகப் பதிவார்கள். பாரூர் ஏரியிலிருந்து பிரியும் வாய்க்கால்கள் மாதிரி. ஒன்றின் ஷட்டரை மட்டும் இறக்கினால் மற்றவை தம்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். மாதேஸ்வரனின் வாய்க்காலை அடைத்துவிட்டு, அந்த இடத்தில் கீபோர்டை ஓடவிட்டிருந்தான் அசோக்குமார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

குந்தாரப்பள்ளி சந்தையன்று உறவுக்காரர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய் டீக்கடையில் அந்தக் கேசட்டைப் போடச் சொன்னான் மாதேஸ்வரன்.

"உங்க வாசிப்பு எது மாமா? அந்த டிங்டிங்குங்குதே, அதுவா?" என்றாள் மனைவி காளியம்மாள்.

"ஒயர சொருகாமலே வாசிச்சுட்டியா மாப்ள?" என்றான் அவள் அண்ணன் பரமசிவம். கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பை மாதேஸ்வரன் பத்திரமாக வைத்திருந்தான், ஒருநாள் அசோக்குமாருக்குத் திருப்பித் தர.

அந்தக் கேசட்டோடு குழுவை விட்டு விலகியிருந்தவனுக்கு இந்த வருஷம் அசோக்குமாரே போன் செய்தான். "மாதேசு, கீபோர்டுல அந்தக் கனம் வரலய்யா. புது ஆல்பத்துக்கு நீ வேணும்."

"வர்றன். ஆனா தனித்தனியா பதியக் கூடாது. அல்லாரும் ஒண்ணா நின்னு ஜனங்க முன்னாடி வாசிக்கணும்."

அசோக்குமார் உடனே ஒத்துக்கொண்டான். ஒன்றாக நின்று வாசித்தால் ஒருவன் சத்தம் மற்றவன் மைக்கிலும் புகும். ஏரிக்குள்ளேயே கலந்துவிட்ட தண்ணீர். யாரையும் பிரித்து வெளியே எடுக்க முடியாது. மாதேஸ்வரனை மட்டுமல்ல, அசோக்குமாரையும்தான். அதை அவன் யோசிக்கவில்லை.

மாதேஸ்வரன் வீட்டில் ஒரு வித்தை பழகினான். கை சரியான தட்டில் விழ வேண்டும், குதிகால் அரைத்தட்டு முந்தி இறங்க வேண்டும். சொல்வதற்குச் சுலபம். கையும் காலும் ஒன்றையொன்று இழுத்தன. பேச்சுவார்த்தை இல்லாமல் ஒரே வீட்டில் குடியிருக்கும் அண்ணன் தம்பி மாதிரி அவை பிரியும்வரை விடாமல் பழகினான்.

ஆயுத பூஜையன்று ஷெட்டில் கூட்டத்துக்கு முன்னால் பதிவு தொடங்கியது. பேஸும் டிரம்ஸும் கைகோத்துக்கொண்டு நடந்தன. அசோக்குமார் கண்ணைத் தாழ்த்திக் குதிகாலைப் பார்த்தான். அது இறங்கியது. அவன் குரல் அரைத்தட்டு முந்தி வந்து அந்தரத்தில் நின்றது. சிரித்துச் சமாளித்தான். மறுபடி பார்த்தான், மறுபடி முந்தினான். கிட்டார் விக்கல் மாதிரி ஒலித்தது.

"ஏன் குரு, ஹாடு மரெத்து ஹோய்த்தா?" பாட்டு மறந்துபோச்சா என்று கூட்டத்திலிருந்து ஒரு கன்னடக் குரல் கேட்டது.

"சாமிக்குப் படைக்கறதுக்கு முன்னாடியே சாப்ட்டுட்டாருப்பா, அதான் விக்கல்!" என்றது இன்னொரு குரல்.

சிரிப்பு முன்வரிசையில் ஆரம்பித்து வாசல்வரை போயிற்று. மாதேஸ்வரன் தலைநிமிராமல் வாசித்தான். அதே சிரிப்பு. டீக்கடையில் கேட்டதைவிடப் பெரியது.

அசோக்குமார் மைக்கை விட்டு அருகில் வந்து குனிந்தான். "யோவ், ஒன் காலு பெசகுதுய்யா."

"கை?"

அசோக்குமார் ஒரு சுற்று முழுக்க நின்று கேட்டான். "கை சரியாத்தான் இருக்கு."

"ஆங். இத்தன வருசத்துல இன்னிக்குத்தான் நான் வாசிக்கறத கேட்டிருக்க."

வாசிப்பை நிறுத்தாமல் காலால் துழாவி, செருப்பை இழுத்து மாட்டிக்கொண்டான் மாதேஸ்வரன். பிறகு அந்தக் கால் அசையவே இல்லை. மிச்சப் பாட்டுகளையெல்லாம் பேஸ் ஸ்பீக்கரை ஒட்டி நின்று, ஒரு காதை அதன் பக்கம் சாய்த்தபடியே அசோக்குமார் பாடினான். ஒரு இடத்திலும் தவறவில்லை.

பதிவு முடிந்ததும் ஒலிப்பதிவாளரிடம் ஓடினான். "சார், ஆரம்பத்துல என் குரல மட்டும் எடுத்துருங்க."

"அது எல்லா மைக்லயும் இருக்குங்க. அதை எடுத்தா பேஸும் போயிடும்."

ஆரம்பத்தையே வெட்டிவிடலாம் என்றான். ஆல்பம் போடுகிற கம்பெனிக்காரர் அதற்கு முன்பே கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்திருந்தார். "ஜனங்க சிரிப்பு நல்லா விழுந்திருக்கு, இருக்கட்டும்."

சிடி வந்த வாரம் மாதேஸ்வரன் குந்தாரப்பள்ளி டீக்கடையில் அதே ஆட்களை உட்கார வைத்தான்.

"இந்த தும் தும்முங்கறது நீயா மாப்ள?" என்றான் பரமசிவம்.

"நான்தான்."

பாட்டில் அசோக்குமாரின் குரல் முந்தியது. சிடிக்குள் கூட்டம் சிரித்தது. டீக்கடையும் சேர்ந்து சிரித்தது. காளியம்மாள் மட்டும் முகத்தைச் சுளித்தாள். "பாவம் மாமா அந்தாளு. போதும், உட்டுருங்க."

மாதேஸ்வரன் டீயை ஒரு வாய் குடித்துவிட்டுக் கடைக்காரரைப் பார்த்தான்.

"மறுக்கா மொதல்லருந்து போடுங்க."