கைச்சரக்கு

அலமாரிக் கதவு இறுகிவிட்டது என்று செய்தி அனுப்பியிருந்தேன். ஞாயிறு மாலை மைத்துனன் இழைப்புளியோடு வந்தான். என் மனைவியின் தம்பி, தச்சன். பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் இல்லை. அவள் இறந்த பிறகு நாங்கள் இருவர் மட்டும் ஒரே அறையில் இருப்பது இதுதான் முதல்முறை.

எனக்குச் சைகை அதிகம் தெரியாது. தேவைப்படவில்லை. சாப்பிடும்போது அவள் நடுவில் உட்கார்ந்துகொள்வாள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கச் சொல்லு" என்பேன். அவ்வளவுதான். அவள் கைகள் நெடுநேரம் ஆடும். முடிவில் அவன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரிப்பான். என்ன சொன்னாய் என்று கேட்டால், "நீங்க சொன்னதத்தான் சொன்னேன். என் கைச்சரக்கு ஒண்ணும் இல்ல" என்பாள், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

கதவைக் கழற்றி விளிம்பை இழைத்தான். மரச்சுருள்கள் தரையில் உதிர்ந்தன. தேநீர் கொடுத்தேன். குடித்துவிட்டு என்னையே பார்த்தான். பிறகு கைப்பேசியில் எழுதி நீட்டினான்.

"அத்தான், எம்மேல கோவமா?"

இல்லை என்று தலையசைத்தேன். மறுபடி எழுதினான்.

"முன்னெல்லாம் என்னைப் பாத்தாலே ஓட்டுவீங்க. நான் செஞ்ச நாற்காலில உக்கார்றதுக்கு முன்னாடி உயில் எழுதி வச்சிடணும்னு சொன்னீங்க. இப்ப மெசேஜ்ல சாப்பிட்டியான்னு மட்டும் கேக்கறீங்க. அக்கா போனதும் நான் வேத்தாளாயிட்டனா?"

நான் அப்படிச் சொன்னதே இல்லை. நாற்காலி நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். கல்லூரியில் எனக்கு ஊமைக்கோட்டான் என்று பேர். இவன் இத்தனை காலம் வேறு யாரோ ஒரு கலகலப்பான அத்தானோடு உறவாடியிருக்கிறான். உண்மையைச் சொன்னால் அந்த ஆளும் போய்விடுவான். சொல்லாவிட்டால், இவனை ஒதுக்கிவிட்டதாகவே நினைப்பான்.

கைப்பேசியை வாங்கி எழுதினேன். "அதெல்லாம் நான் சொன்னதில்ல. எல்லாம் உங்கக்கா."

படித்தான். மறுபடி படித்தான். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினான்.

"அப்ப நான் சொன்னதா உங்ககிட்ட என்ன சொன்னா?"

எவ்வளவோ. அத்தானைப் போலப் பொறுமைசாலி உண்டா என்கிறான். அத்தான் இளைத்துவிட்டாராம், கவலைப்படுகிறான் என்பாள். எல்லாவற்றையும் நம்பியிருந்தேன்.

எழுதத் தொடங்கினேன். அவன் கைப்பேசியைப் பிடுங்கி அலமாரிக்குள் வைத்தான். அறை இருட்டிக்கொண்டு வந்தது. எழுந்து விளக்கைப் போட்டுவிட்டு, மரச்சுருள்களின் மேலேயே எனக்கு எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். சொல்லுங்கள் என்பதுபோல் மோவாயை உயர்த்தினான்.

மடியிலிருந்து என் கைகள் எழுந்தன. முதல் சொல்லுக்கு எந்தக் கை என்று தெரியாமல் இரண்டும் காற்றில் நின்றன.