போட்டோவில் விழுந்த தேதி

ஷாஜியாவுக்கு ஒரு பைத்தியம் உண்டு. சீரியல் பார்க்கமாட்டாள், ரீல்ஸ் போடமாட்டாள். பழைய பிலிம் கேமரா மாதிரி படம் எடுக்கிற ஆப் ஒன்றை செல்போனில் போட்டுக்கொண்டு கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துத் தள்ளுவாள். கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் அவள் புருஷன் காஜாவின் ஃபேன்சி ஸ்டோர் இருக்கிறது. அங்கே தொங்கும் வளையல் சரம்கூட அந்த ஆப்பில் விழுந்தால் மஞ்சள் பூத்து, முப்பது வருசத்து ஆல்பத்திலிருந்து உருவியதுபோல நிற்கும். மூலையில் ஆரஞ்சு எழுத்தில் தேதி விழும். அந்தத் தேதியையாவது சும்மா விட்டாளா மகராசி? பத்து வருசம் பின்னால் தள்ளி வைத்திருந்தாள். அப்போதுதான் பழைய போட்டோ என்று மனசு நம்புமாம்.

காஜாவின் தங்கை ஜன்னதுல் பிர்தௌஸுக்கு இருபத்தெட்டு வயது. ஐந்து இடம் வந்து ஐந்தும் தட்டிப்போயிருந்தது. கலர் கம்மி என்று இரண்டு பேர், வயசு ஜாஸ்தி என்று மூன்று பேர். ஆறாவதாகச் சின்னசேலத்தில் பெயின்ட் கடை வைத்திருக்கும் அன்சர். முப்பது வயது என்றார்கள். வந்த போட்டோவில் தலை நிறைய முடி, கண்ணிலேயே சிரிப்பு. பதிலுக்குப் பெண் போட்டோ கேட்டார்கள். இதுவும் தட்டிப்போனால் இனிமேல் யார் முன்னாலும் வந்து நிற்கமாட்டேன் என்று ஜன்னத் சொல்லிவிட்டாள். ஸ்டுடியோவுக்கும் வரமாட்டாளாம்.

"ஸ்டுடியோக்காரன் மாவு பூசுன மாதிரி வெள்ளையாக்கித் தருவான். நேர்ல வந்து பாத்துட்டு மூஞ்சிய சுளிப்பாங்க. பட்டது போதும் அண்ணி."

அந்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மலைமேலிருக்கும் கரியாலூர் போனார்கள். படகுத்துறைப் பக்கம் காஜா பஜ்ஜி வாங்கிக்கொண்டு திரும்ப, ஒரு குரங்கு பொட்டலத்தோடு பறித்துக்கொண்டு ஓடியது. ஜன்னத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஷாஜியா படக்கென்று எடுத்துவிட்டாள். அடடா, என்ன படம்! மலை வெயில் கன்னத்தில் விழுந்து, முக்காடு கொஞ்சம் நழுவி, சிரிப்பு பாதியில் நின்றிருந்தது.

"இது நானா அண்ணி?"

"நீதான்டி. வேற யாரு?"

மாமியார் மெஹ்ராஜ் பேகம் அதையே சின்னசேலத்துக்கு அனுப்பிவைத்தார். மூலையிலிருந்த தேதியை ஒருவரும் கவனிக்கவில்லை. பார்த்துப் பார்த்துப் பழகிப்போன ஷாஜியாவுக்கு அது கண்ணிலேயே படவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அன்சரின் அம்மா வந்தார். மகனை வாசலிலேயே நிறுத்திவிட்டு அவர் மட்டும் உள்ளே வந்து உட்கார்ந்தார். தண்ணீரைக்கூடத் தொடவில்லை.

"மொதல்ல ஒண்ணு பேசிடறேன். இருபத்தெட்டுன்னீங்க. போட்டோலயும் அந்த வயசுதான் தெரியுது, ஆனா தேதி பத்து வருசத்துக்கு முந்தி இருக்குது. அப்ப பொண்ணுக்கு இப்ப முப்பத்தெட்டு. நான் வேணாம்னுதான் சொன்னேன். அன்சர்தான் கேக்கல. 'வயச மறைக்கற அளவுக்கு அந்தப் பொண்ண எத்தினி பேரு நோவடிச்சாங்களோ, போயி பாக்கலாம்மா'ன்னான்."

ஐயோ, ஐந்து பேர் போதாதென்று ஆறாவதை நானே கெடுத்தேனா என்று ஷாஜியாவுக்கு அழுகை முட்டியது. "மாமி, அது என் வேல. அந்த ஆப்புல தேதிய நான்தான் மாத்தி வெச்சேன்" என்று போனை நீட்டினாள். நேற்று எடுத்த பிரியாணிச் சட்டியிலும் அதேபோல பத்து வருசத்துக்கு முந்தின ஆரஞ்சுத் தேதி. மெஹ்ராஜ் பேகம் மருமகளை முறைத்த முறைப்பில் சட்டியே வெடித்திருக்கும்.

உள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஜன்னத் அந்நேரம் டீ கொண்டுவந்தாள். வந்தவர் போனில் அந்தக் கரியாலூர்ப் படத்தைத் தள்ளிப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அதே கன்னம், அதே நிறம். அவர் முகம் வாடிப்போனது.

"அப்ப நெஜமாவே இருபத்தெட்டா? நாங்கதான் பொய் சொல்லிட்டோம், மன்னிச்சிக்கோங்க. அன்சருக்கு முப்பத்தெட்டு ஆவுது. நாங்க அனுப்புனதுதான் பழைய போட்டோ. இப்ப தலையில முடியே இல்ல. நீங்களும் மறைச்சிருக்கீங்கன்னு நெனச்சித்தான் தைரியமா வந்தோம். பொறப்படறேன்."

அவர் எழுந்துவிட்டார். மெஹ்ராஜ் பேகம் தடுக்கவில்லை. காஜா மரியாதைக்கு வாசல்வரை போகக் கிளம்பினான்.

"மாமி, உக்காருங்க" என்றாள் ஜன்னத்.

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் பேசுவதாவது! மெஹ்ராஜ் பேகம் "ஏய், உள்ள போ" என்று அதட்டினார். ஜன்னத் நகரவில்லை.

"எனக்கு முப்பத்தெட்டுன்னு நெனச்சிக்கினுதான் அவரு வந்தாரா மாமி? வயச மறைச்சேன்னு நம்பியுமா?"

"ஆமாம்மா" என்றார் வந்தவர்.

ஷாஜியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஜன்னத் அழவில்லை. அண்ணனைப் பார்த்துத் திரும்பினாள்.

"அண்ணே, வெளிய வெயிலு கொளுத்துது. அவருக்குத் தலையில முடி வேற இல்லியாம். உள்ள கூப்டு."