மஞ்சள் சிறகில் கறுப்புப் பட்டை

என் ஆயுளில் நான் ஒரே ஒரு ஆளைத்தான் கைநீட்டி அறைந்திருக்கிறேன். அதுவும் ஒரு பூச்சிக்காக. அந்த ஆள் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மூடி வைத்திருந்து எடுத்துக் காட்ட இது ஒன்றும் வித்தை இல்லை.

அறுபத்திரண்டாம் வருஷம், பங்குனி மாதம். நான் காஞ்சிபுரத்தில் விவசாய இலாகாவில் பீல்டுமேன். வடக்கே பாலைவன வெட்டுக்கிளி கூட்டம் கூட்டமாக இறங்குகிறது, எங்கே கண்டாலும் உடனே அழிக்க வேண்டும் என்று ஒரு சர்க்குலர் வந்திருந்தது. மங்கலான சைக்ளோஸ்டைல் தாள். அதிலிருந்த படத்தில் மை ஈஷிப் போய், பூச்சியின் சிறகில் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை விழுந்திருந்தது. அந்த மைக்கறையை நான் பூச்சியின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன். படித்தவன் அல்லவா? அச்சில் வந்தால் நம்பிவிடுவேன்.

தென்னேரிக்குப் போகிற வழியில் ஒரு சின்ன ஏரி. ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே பஞ்சாயத்து பிரசிடெண்ட் அப்பாதுரை. ஏரிக்குக் கீழே பாதி நஞ்சை அவருடையது. நெல் கதிர் வாங்கி நின்றது. ஏரிக்குள்ளே தண்ணீர் வற்றிய ஓரத்தில் காலனி ஆட்கள் கேழ்வரகு விதைத்திருந்தார்கள். அது இன்னும் பத்து நாளில் அறுப்புக்கு வந்துவிடும். வீட்டில் கேழ்வரகு இருந்தால் அப்பாதுரை சொன்ன கூலிக்கு நெல் அறுக்க ஒருத்தனும் வர மாட்டான். இது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவர் ஆபீசுக்கு ஆள் அனுப்பி, "ஏரியில் வெட்டுக்கிளி" என்று சொன்னபோதே எனக்குக் கொஞ்சம் உறைத்திருக்க வேண்டும்.

போனேன். ஏரிக்குள் இறங்கி, கேழ்வரகுக்கும் தண்ணீருக்கும் நடுவில் வெடித்துக் கிடந்த மொட்டைத் தரையில் நடந்தோம். காலடியிலிருந்து பூச்சிகள் கிளம்பின. பறக்கும்போது பளீரென்று மஞ்சள் சிறகு, அதில் வளைந்த கறுப்புப் பட்டை. பத்தடி தள்ளி உட்கார்ந்ததும் மண்ணோடு மண்ணாகிவிடும். எங்கே உட்கார்ந்தது என்று கண்ணால் தேடிப் பிடிக்க முடியாது.

"பாத்தீங்களா சார்? இன்னிக்கு ஏரி, நாளைக்கு நம்ம நெல்லு. கொளுத்தணும்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க" என்றார் அப்பாதுரை. அவருக்குப் பின்னால் அவர் ஆட்கள் ஏழெட்டுப் பேர்.

கேழ்வரகுக்குள்ளிருந்து ஒருவன் துண்டை வீசிக்கொண்டு வந்தான். அந்தோணி. நடுத்தர வயது. பின்னால் அவன் பெண்டாட்டி கங்கையம்மாள், கையில் அரிவாள். துண்டில் சிக்கிய பூச்சியைச் சிறகோடு பிடித்து என் சர்க்குலர் மேலேயே வைத்தான்.

"இது மண்ணுக்கிளி சார். மொட்டத் தரையிலதான் குந்தும். பயிர்ல எறங்காது. என் கேவுர ஒரு தாளு கடிச்சிருக்குதா, வந்து பாருங்க."

"பாலைவன வெட்டுக்கிளிப்பா இது. கவர்மெண்ட் படம் போட்டு அனுப்பியிருக்கு."

"அது பெருசா இருக்கும்னு சொல்றாங்களே சார். இது அரை விரலு கூட இல்லியே."

"இன்னும் வளரும்."

சிறகு முளைத்துப் பறக்கும் பூச்சி அதற்கு மேல் வளராது. விவசாயப் பயிற்சியில் முதல் வருஷமே சொல்லித் தந்த பாடம். அந்தோணிக்கு அது யாரும் சொல்லித் தராமலே தெரிந்திருந்தது.

"றெக்க வந்தப்பறம் எங்க சார் வளரும்? காயிதத்தையே பாத்துக்கினு இருக்கீங்க. தரையப் பாருங்க சார்" என்றான்.

அப்பாதுரையின் ஆட்கள் சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அறைந்துவிட்டேன். அந்தோணியின் உதடு கிழிந்து, ரத்தம் தாடையில் இறங்கியது. அவன் கையைத் தூக்கவில்லை. அந்த நிமிஷம் அப்பாதுரையின் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வைக்கு அர்த்தம் எனக்கு மறுநாள்தான் விளங்கியது.

'பாலைவன வெட்டுக்கிளி. ஏரிக்குள் முட்டையிட்டுள்ளது. பயிர் பச்சையோடு கொளுத்தி அழிக்கவும்.' கையெழுத்துப் போட்டு அப்பாதுரையிடம் கொடுத்தேன். துடித்துக்கொண்டிருந்த பூச்சியைப் பழக்கதோஷத்தில் தீப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டு முன்கட்டில் குடியிருந்தேன். தறிக்குப் போடும் டிசைன் அட்டை பழசானால் எனக்குக் கொடுப்பார்கள். பூச்சியைக் குத்தி வைக்க ஓட்டை போட்ட அந்த அட்டை நல்ல வசதி. மறுநாள் காலை, காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பூச்சியை மல்லாத்தினேன். பாலைவன வெட்டுக்கிளிக்கு முன்னங்கால் இரண்டுக்கும் நடுவே, தொண்டைக்கு அடியில் ஒரு முளை இருக்கும். நகத்தால் தடவினாலே தட்டுப்படும். தடவினேன். வழவழவென்று இருந்தது.

திருப்பி, பின்சிறகை விரித்தேன். மஞ்சள், நடுவே கறுப்புப் பட்டை. பெட்டியில் கிடந்த என் பழைய பாடநோட்டை எடுத்துப் புரட்டினேன். என் கையெழுத்திலேயே இருந்தது: பாலைவன வெட்டுக்கிளியின் பின்சிறகில் பட்டை கிடையாது. பட்டைச்சிறகு இனம் வேறு. வறண்ட மொட்டைத் தரையே இருப்பிடம். நின்ற பயிரை நாடாது. அந்தோணி சொன்ன அதே வார்த்தைகள். நான் அவனை அறைந்ததற்குக் காரணமான வார்த்தைகள்.

பூச்சியை அட்டையில் குத்தி எடுத்துக்கொண்டு ஓடினேன். வாலாஜாபாத் வரை பஸ், அங்கிருந்து வாடகை சைக்கிள். ஏரிக்கரை ஏறும் முன்பே புகை தெரிந்தது.

வைக்கோல் கட்டுகளைக் கேழ்வரகைச் சுற்றிப் போட்டு, கிரசின் ஊற்றிக் கொளுத்தியிருந்தார்கள். மூன்று பக்கம் எரிந்தது. நான்காவது பக்கத்தில் அந்தோணி கதிர்களைக் கையாலேயே பிய்த்து வேட்டி மடியில் போட்டுக்கொண்டிருந்தான். அவனை நாலு பேர் சுற்றி நின்று மண்வெட்டிக் காம்பால் அடித்துக்கொண்டிருந்தார்கள். முதுகில் விழுந்த அடிக்குக்கூட அவன் கதிரை விடவில்லை. முழங்கையில் ஒரு அடி விழுந்தது. எலும்பு உடையும் சத்தம் எனக்குக் கேட்டது. இடது கையால் பிய்த்தான். கங்கையம்மாள் ஒருவன் மணிக்கட்டைக் கடித்துத் தொங்கினாள். அவன் அவள் தலைமயிரைப் பிடித்து எரிகிற தாளின் மேலேயே இழுத்துப் போட்டான். அவள் புடவை முந்தானை பற்றிக்கொண்டது. புரண்டு அணைத்துவிட்டு மறுபடி எழுந்து வந்தாள்.

"நிறுத்துங்க! இது அந்தப் பூச்சி இல்லை! தப்பா எழுதிட்டேன்!" என்று கத்திக்கொண்டே ஓடி, அப்பாதுரையின் சட்டையைப் பிடித்தேன். அட்டையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "தொண்டைக்கடியில முளை இல்லை பாருங்க! இது பயிரைத் தொடாது!"

அவர் பூச்சியைப் பார்க்கவே இல்லை. பாக்கெட்டிலிருந்து என் காகிதத்தை எடுத்து ஆட்டினார். "இது உன் கையெழுத்துதானே? அந்தோணி கவர்மெண்ட் வேலையத் தடுக்கறான். நேத்து நீயே அடிச்சே. இன்னிக்கு வந்து இன்னா நாடகம் ஆடறே?"

அட்டையைப் பிடுங்கி நெருப்பில் எறிந்தார். யாரோ என் இடுப்பில் உதைத்தார்கள். விழுந்தேன், இன்னொரு உதையில் முன்பல் ஒன்று போயிற்று. தலையைத் தூக்கியபோது ஒருவன் காம்பைத் திருப்பி, மண்வெட்டியின் இரும்புப் பக்கத்தால் அந்தோணியின் பின்மண்டையில் போட்டான். அந்தோணி மடியில் சேர்த்த கதிர்களின் மேலேயே குப்புற விழுந்தான். அடித்தவர்களே பயந்துபோய் நின்றார்கள்.

மாட்டு வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் செத்துப்போனான். ஒரு பேச்சுப் பேசவில்லை.

எட்டு நாள் கழித்து ஏரிக்குள்ளேயே விசாரணை. கேழ்வரகு நின்ற இடம் கன்னங்கரேல் என்று மொட்டையாகக் கிடந்தது. அதில் அடிக்கு ஒரு மண்ணுக்கிளி. மொட்டைத் தரைதானே அதற்கு வேண்டியது? நாமே எரித்து அதற்கு இடம் பண்ணிக் கொடுத்திருந்தோம். சப்-இன்ஸ்பெக்டர் நடக்க நடக்க, அவர் பூட்ஸுக்கு முன்னால் மஞ்சளாகக் கிளம்பிக் கிளம்பி உட்கார்ந்தன. கரைக்கு அந்தப் பக்கம் அப்பாதுரையின் நெல் நின்றது. நான் ஒவ்வொரு வரப்பாகப் போய்ப் பார்த்தேன். ஒரு தாள்கூடக் கடிபடவில்லை.

கங்கையம்மாளைக் கூப்பிட்டார்கள். கழுத்திலும் தோளிலும் தீக்காயத்துக்கு மருந்து பூசியிருந்தது.

"மொதல்ல யாரும்மா அடிச்சது? பயப்படாம கையக் காட்டு" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

அப்பாதுரையும் அவர் ஆட்களும் வரிசையாக நின்றார்கள். அவள் அவர்களைத் தாண்டி வந்து, என் நெஞ்சுக்கு நேரே விரலை நீட்டினாள்.

"இவரு கவர்மெண்ட் ஆளும்மா. ஊர்க்காரங்கள்ல சொல்லு."

"அவங்க அப்பறம். மொதல்ல இவருதான். எம் புருசன் நெசத்தச் சொன்னான், இவரு அறைஞ்சாரு. அதுக்கு முந்தி அவங்க வாயாலதான் மெரட்டுவாங்க. ஒருத்தனும் அவன் மேல கை வெச்சதில்ல."

சப்-இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார்.

"ஆமாம். நான்தான். எழுதிக்குங்க" என்றேன்.

அவர் எழுதவில்லை. பேனாவை ஒரு தரம் உதறிவிட்டு, அவள் பக்கம் திரும்பினார்.

"சரி, ரெண்டாவதா யாரு?"