ஒன்பது மணித் திரை

காலை ஒன்பது மணிக்கு எதிர்க் கட்டடத்தில் கீத் வீட்டுத் திரைச்சீலை திறந்தது. எப்போதும்போல் அரைவாசி இல்லை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை முழுதாக. மூன்று வாரமாகவே இப்படித்தான். டீக் கோப்பையோடு என் ஜன்னலில் நின்றபடி எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன். கீத்தின் வலது தோள் போய்ப் பதினோரு வருடமாகிறது. மீன் தொழிற்சாலையின் குளிர் அறையில் பெட்டி அடுக்கி அடுக்கி, கை மார்புக்கு மேல் எழும்பாமல் போயிற்று. இடது கையால் ஒரு பக்கத் திரையைத் தள்ளுவான், மறுபக்கம் அப்படியே கிடக்கும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் நான் ஒரு தைலம் வாங்கிக் கொடுத்திருந்தேன். அதுதான் வேலை செய்கிறது என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

இந்தத் திரை ஏற்பாடு நாங்கள் இருவரும் செய்துகொண்டது. கீழ்வீட்டு மிஸஸ் டக்வெல் இறந்து பன்னிரண்டு நாள் கழித்துத்தான் ஊருக்குத் தெரிந்தது, அதுவும் தபால்காரர் சொல்லி. அன்று சாயங்காலம் சுவர்மேல் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டே கீத் சொன்னான், "நமக்கும் இதே கதிதான் பாலின். நீயாவது நாறாம செத்துப் போ." சிரித்தோம், பிறகு இருவருக்கும் சிப்ஸ் இறங்கவில்லை. ஒன்பது மணிக்குள் திரையைத் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் மற்றவர் வந்து பார்க்க வேண்டும். அவன் வீட்டுச் சாவி ஒன்று என்னிடம், என் வீட்டுச் சாவி ஒன்று அவனிடம். திறந்ததும் அவன் கோப்பையைத் தூக்கிக் காட்டுவான், நானும் காட்டுவேன். அந்தத் தூரத்தில் என் கண்ணுக்கு ஆள் வெறும் நிழல்தான், ஆனாலும் கோப்பை தெரியும். பல நாட்களில் எனக்கு ஒரு மனுஷரோடு நடக்கும் பேச்சு அது ஒன்றுதான்.

மூன்று வாரமாகக் கோப்பை எழும்பவில்லை. கோபம் என்று நினைத்தேன். கிறிஸ்துமஸுக்கு லீட்ஸில் மகள் வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டேன், அவனைத் தனியாக விட்டுவிட்டு. திரும்பி வந்து இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. திரை திறக்கிறது, ஆள் உயிரோடு இருக்கிறான், முறுக்கிக்கொண்டு போவதானால் போகட்டும் என்று நானும் முறுக்கிக்கொண்டேன். என் முழங்காலுக்கு அவன் வீட்டு மூன்று மாடி ஏறுவது லேசில்லை என்று ஒரு சாக்கும் இருந்தது.

அன்று வியாழக்கிழமை. திரை திறந்ததைப் பார்த்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனேன். ஐந்து நிமிட நடைதான். வரிசையில் எனக்கு முன்னால் நின்றது கீத்.

கன்னம் ஒட்டிப் போயிருந்தது. கழுத்தைச் சுற்றிச் சட்டைக் காலர் வளையம்போல் தொங்கியது. கடைக்காரப் பெண் பையை உயரத்தில் நீட்ட, வலது கையை எடுக்கப் பார்த்து, முடியாமல், உடம்பைத் திருப்பி இடது கையால் வாங்கினான்.

"கீத், நீ எப்போ வந்த?"

"எட்டரைக்கு. கதவு திறக்கறதுக்கு முன்னாடியே வந்து நிக்கறேன். என்ன கூட்டம் பாரு."

அவன் இடது கையைப் பிடித்தேன். வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன்.

"அப்போ ஒம்பது மணிக்குத் திரையைத் திறந்தது யாரு?"

அவன் தன் காலணியைப் பார்த்தான். "கானர்னு ஒருத்தன், அவனா இருக்கும். கூட ரெண்டு மூணு பசங்க இருக்காங்க. எனக்குச் சிநேகிதம்."

"எங்க படுக்கறாங்க?"

"என் ரூம்ல. ஒருத்தன் சோபாவுல."

"நீ?"

"குளியல் தொட்டியில. மெத்தை போட்டிருக்கேன். முதுகுக்கு நல்லாத்தான் இருக்கு, நீ சிரிக்காத."

நான் சிரிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கினேன். கிறிஸ்துமஸ் அன்று மதியம் மதுக்கடையில் தனியாக உட்கார்ந்திருந்தவனிடம் கானர் வந்து பேசியிருக்கிறான். மறுநாள் வறுத்த கோழி வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்திருக்கிறான். மூன்றாம் நாள் ஒரு பை, அதன்பின் ஆட்கள். யார் யாரோ வந்து கதவைத் தட்டுகிறார்கள், கைக்குள் எதையோ வாங்கிக்கொண்டு போகிறார்கள். குளிர்பெட்டியில் பட்டாணிப் பாக்கெட்டுக்குள் பொட்டலங்கள் இருக்கின்றன. என்னவென்று கீத் கேட்டதில்லையாம்.

"திரை விஷயம் அவனுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சொன்னேன்." முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தான். "திறக்கலைன்னா நீ சாவியைத் தூக்கிட்டு வந்து நிப்ப. உன் வாய் சும்மா இருக்காது. அவனுங்க உன்னை எதாச்சும் செஞ்சுட்டா? அதான், ஒம்பது மணிக்குத் திறந்துடுங்கப்பா, அவ வரமாட்டான்னேன்."

நடுத்தெருவில் நின்றுகொண்டு எனக்கு அழுகை வந்தது. என்னைக் காப்பாற்றுகிறானாம், இந்த மடையன்.

"போலீசுக்குச் சொல்லுவோம்."

"சொன்னா வீடு போயிடும் பாலின். நகராட்சி குடுத்த வீடு. போதைப்பொருள் நடமாடுதுன்னு என்னை வெளிய தள்ளிடுவாங்க. அம்மா செத்த வீடு அது. சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு." பிறகு குரல் இறங்கியது. "அதோட, பேச்சுக்கு ஆள் இருக்கு. காலையில எந்திரிச்சா வீட்டுல சத்தம் இருக்கு. கிறிஸ்துமஸ் அன்னிக்கு யாரு இருந்தா?"

சத்தியம் செய்தேன்.

ஆனால் சும்மா இருக்க முடிந்தால் நான் பாலின் இல்லையே. வெள்ளிக்கிழமை மதியம் ஒரு பை ரொட்டியோடு மூன்று மாடி ஏறினேன். கதவைத் திறந்தவனுக்கு முப்பது வயது இருக்கும், துப்புரவாகச் சவரம் செய்த முகம். கையில் கீத்தின் நீலக் கோப்பை.

"ஓ, ஜன்னல் அம்மா நீங்கதானா! பெருசு உங்களைப் பத்தியேதான் பேசும்." உள்ளே திரும்பி, "பெருசு, உன் ஆளு வந்திருக்கு," என்றான். யாரோ சிரித்தார்கள். கீத் வெளியே வரவில்லை. "தூங்குது போல. ரொட்டியை நான் குடுத்துடறேன். உங்ககிட்ட இந்த வீட்டுச் சாவி ஒண்ணு இருக்காமே அம்மா?"

"தொலைஞ்சு போச்சு" என்றேன். அது என் கோட்டுப் பையில், என் கைக்குள் இருந்தது.

"தொலையட்டும். நீங்க இந்தக் கால் வலியோட மாடி ஏற வேணாம். ஒம்பது மணிக்கு நான் கை ஆட்டறேன், போதுமா? உங்க ஜன்னல் எதுன்னு எனக்கு நல்லாத் தெரியும்." அவ்வளவு மரியாதையாகச் சொன்னான்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திரை முழுதாகத் திறந்தது. நீலக் கோப்பை உயர்ந்தது. உயரமாக, தலைக்கு மேல், வலது கையால். நானும் என் கோப்பையைத் தூக்கிக் காட்டினேன். பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்து போலீசுக்குப் போன் செய்தேன். பேசியது ஒரு பெண், பொறுமையாகக் கேட்டாள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேல் வருவார்கள் என்று மதியம் திருப்பி அழைத்துச் சொன்னாள். அதற்குமுன் கீத்தை வெளியே கொண்டுவந்துவிடுகிறேன் என்றேன். அவனுடைய வீட்டைப் பற்றிக் கேட்டேன். அது நகராட்சியின் முடிவு, தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்றாள்.

திங்கட்கிழமை என் திரையை நான் திறக்கவில்லை.

இருட்டுக் கூடத்தில், மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது அடித்தது. ஒன்பதே கால் ஆயிற்று. அவன் வரமாட்டான், அவனை வரவிடமாட்டார்கள், அல்லது அவனுக்கே வரத் தோன்றாது என்று நினைத்தேன். கடைசியாக நினைத்ததுதான் தாங்க முடியாமல் இருந்தது. ஒன்பது இருபதுக்குப் படியில் சத்தம் கேட்டது. சாவி பூட்டில் சரியாக இறங்காமல் இடறியது. இடது கை.

கீத் செருப்பில்லாமல் ஓடி வந்திருந்தான், ஈரக் காலுறையோடு. என்னைப் பார்த்ததும் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, குழந்தையாட்டம் அழுதான்.

"செத்துட்டன்னு நெனச்சேண்டி, பாவி! எழுந்திருக்க என்ன கேடு உனக்கு?"

"தூங்கிட்டேன். உட்காரு. டீ போடறேன்."

"கானர்தான் பார்த்துச் சொன்னான், உன் ஜன்னல்காரி இன்னும் திறக்கல பெருசு, போய் என்னன்னு பாருன்னு. அவனேதான் அனுப்பினான்." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "பார்த்தியா? நீ நெனக்கற மாதிரி இல்ல அவன்."

நான் சமையலறைக்குப் போனேன். கெட்டிலில் தண்ணீர் பிடித்தேன். இரண்டு கட்டடத்துக்கும் நடுவே முற்றத்தில் வண்டிகள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது, ஒன்று, பிறகு இன்னொன்று. குழாயை இன்னும் பெரிதாகத் திறந்தேன்.

"இப்படியா இருட்டுல உட்கார்ந்திருப்ப?" கூடத்திலிருந்து கீத் சொன்னான். "இரு, நானே திறக்கறேன்."

நான் சர்க்கரை டப்பாவை எடுத்தேன். அவனுக்கு மூன்று கரண்டிச் சர்க்கரை, பால் கொஞ்சம் தூக்கலாக. கோப்பையை எடுத்துக்கொண்டு கூடத்து வாசலுக்கு வந்தேன். திரை அரைவாசி திறந்திருந்தது. அந்த இடைவெளியில் அவன் முதுகைக் காட்டி நின்றான். இடது கை இன்னும் துணியைப் பிடித்திருந்தது. எதிர்க் கட்டடத்தில், மூன்றாம் மாடியில், ஒரு கதவை உடைக்கும் சத்தம் முற்றம் முழுக்கக் கேட்டது.

"கீத், டீ" என்றேன்.

அவன் திரும்பவில்லை. நான் கோப்பையை நீட்டியபடி நின்றேன்.