சலூன் பெஞ்சில் காயின் பேச்சு

சலூன்காரருக்குத் தன் மச்சினன் குரலைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். மனைவியின் தம்பி, வேலை வெட்டி கிடையாது. ஒரு வருஷமாகக் கடை பெஞ்சில் சட்டமாக உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஆட்களிடமெல்லாம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தான். முதலில் வெயில். அப்புறம் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள். பிறகு விலைவாசி, ஒரு பெருமூச்சு. "பேங்க்ல போட்ட காசு சும்மா தூங்குது சார். நான் இந்த கிரிப்டோ காயின்ல கொஞ்சம் போட்டேன், பாருங்க" என்று போனை நீட்டுவான். கழுத்தில் துணியும் தாடையில் கத்தியுமாக இருக்கிற மனிதர் எங்கே எழுந்து ஓடுவது?

சலூன்காரர் ஒரு நாளும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் காயினில் ஒரு பைசா போடவும் இல்லை. மச்சினனை ஒரு வார்த்தை சொன்னால் வீட்டில் மூன்று நாளைக்கு அடுப்பு எரியாது. ஊரான் பணம், ஊரான் தலையெழுத்து, நமக்கென்ன என்று கத்தரிக்கோலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அன்று ஷேவிங்கிற்கு வந்த ஸ்கூல் வேன் டிரைவர் வாயே திறக்கவில்லை. சாதாரணமாக மனுஷன் வாய் ஓயாது.

"என்னப்பா, சத்தத்தையே காணோம்?"

"பாப்பா கண் ஆபரேஷனுக்கு வச்சிருந்த பணம்ணே. மொத்தத்தையும் அந்தக் காயின்ல போட்டேன். இப்ப எடுக்கப் போனா ஆப்பே திறக்கல. அடுத்த வாரம் ஆஸ்பத்திரில கட்டணும்."

சலூன்காரருக்கு ரத்தம் கொதித்தது. "அந்தத் தறுதலைய எவன்யா நம்பச் சொன்னது? மூஞ்சியப் பாத்தாலே தெரியலயா?"

"அவனை யாருண்ணே நம்புனா?" டிரைவர் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். "பத்து வருஷமா என் கழுத்துல கத்தி வைக்கிறவரு நீங்க. அவன் சொல்லும்போதெல்லாம் பக்கத்துலயே நின்னீங்க. தப்புன்னா தடுத்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

மச்சினன் மேல் வந்த கோபம் அப்படியே தன் மேல் திரும்பியது. செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து மச்சினன் உள்ளே வந்தான். பெஞ்சில் காத்திருந்த புது ஆளின் பக்கத்தில் உட்கார்ந்தான். "என்ன வெயில் சார்! பசங்க என்ன படிக்கிறாங்க?"

சலூன்காரர் கத்தியைத் தட்டில் போட்டார்.

"சார், இவன் என் பொண்டாட்டி தம்பி. ஏதோ காயின்னு சொல்லுவான். ஒரு பைசா குடுத்துடாதீங்க. டேய், எந்திரிடா! இனி இந்தப் படிய மிதிச்ச, காலை ஒடச்சிருவேன்!"

"மாமா, அக்காகிட்ட சொன்னேன்னா..."

"போய்ச் சொல்லுடா! இப்பவே போய்ச் சொல்லு!"

மச்சினன் வெளியே ஓடினான். சலூன்காரர் கத்தியை மறுபடி எடுத்தார். அதற்குள் டிரைவர் துணியை அவிழ்த்துவிட்டு, பாதி ஷேவிங்கோடு முகத்து நுரையைத் தானே துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கும் வாய் இருக்குண்ணே" என்றார் அவர். "இன்னைக்குத்தான் பாக்குறேன்."

மேஜையில் காசை வைத்துவிட்டு வேனை எடுக்கப் போனார்.